ஒரு கிராம் கரிக்குள் கால் ஏக்கர்

தேங்காயைத் துருவி எடுத்தபின் கையில் மிஞ்சும் ஓட்டுக்கு நாகர்கோவிலிலும் யாழ்ப்பாணத்திலும் சிரட்டை என்று பெயர். வட மாவட்டங்களில் கொட்டாங்குச்சி. கொங்கு நாட்டில் தொட்டி. பெயர் எதுவானாலும் அதன் கதி பெரும்பாலும் அடுப்பு, இல்லையென்றால் குப்பை. அதே ஓடு முறையாகச் சுடப்பட்டு, நீராவியில் வெந்து, சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் குடிநீர்க் கருவிக்குள் கருங்குறுணையாக நம் வீட்டுக்கே திரும்பி வருகிறது. தின்று மிஞ்சிய ஒன்று அழுக்குத் தண்ணீரைத் தெளியவைக்கிறது என்பது எனக்கு இன்றுவரை வியப்பு குறையாத செய்தி. அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் வியப்பு இன்னும் கூடுகிறது.

கரி தண்ணீரை வடிகட்டுகிறது என்று பொதுவாகச் சொல்வோம். முதலில் இந்தச் சொல்லைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். டீ வடிகட்டி தூளைத் தடுப்பது அளவை வைத்துத்தான்: பெரியது நிற்கும், சிறியது ஓடிவிடும். தண்ணீரில் கரைந்துவிட்ட சாயமோ பூச்சிமருந்தோ எந்த வலையிலும் நிற்காது. கரி அவற்றைத் தடுப்பதில்லை, தன் பரப்பில் ஒட்டவைத்துக்கொள்கிறது. பள்ளி வேதியியல் புத்தகத்தில் இதற்குப் பரப்பு கவர்தல் என்று பெயர். ஊறப்போட்ட அரிசி தண்ணீரைக் குடிப்பது உட்கவர்தல். அங்கே நீர் அரிசியின் உள்ளெல்லாம் பரவுகிறது. பரப்பு கவர்தலில் வந்த பொருள் மேலோடு நின்றுவிடும், ஈரக்கையில் மாவு ஒட்டுவதுபோல. இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது.

மேலே மட்டும்தான் ஒட்டும் என்றால், ஒட்டுவதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே முக்கியம். நல்ல தரமான செறிவூட்டிய கரியில், அதாவது நீராவியில் வேகவைத்துத் துளைகளைப் பெருக்கிய கரியில், ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். ஒரு சென்ட் நிலம் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஆக, விரல்நுனியில் எடுக்கிற ஒரு கிராம் கரிக்குள் 25 சென்ட், அதாவது கால் ஏக்கர் நிலம் மடிந்து கிடக்கிறது. ஒரு தேக்கரண்டி நிறைய எடுத்தால் அரை ஏக்கரைத் தாண்டிவிடும்.

இத்தனை நிலமும் இருப்பது துளைகளின் சுவர்களில். தேங்காய் ஓட்டுக் கரியில் பெரும்பாலான துளைகள் 2 நானோமீட்டருக்கும் குறுகியவை. நம் தலைமுடியின் தடிப்பு 80,000 நானோமீட்டர் அளவில் இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால் அந்தத் துளை எவ்வளவு சிறியது என்று தெரியும். அவ்வளவு ஒடுக்கமான இடத்தில் நுழைந்த ஒரு மூலக்கூறை எல்லாப் பக்கத்துச் சுவர்களும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. ஒவ்வொரு சுவரின் இழுப்பும் பலவீனமானது. எல்லாம் சேரும்போது விடாப்பிடியாகிவிடுகிறது.

ஓடு கரியாகும் கதை

இந்தத் துளைகள் ஓட்டில் தயாராக இருப்பவை அல்ல. இரண்டு கட்டமாக உண்டாக்க வேண்டும். முதற்கட்டம் சுடுவது. காற்று அதிகம் போகாத குழியிலோ உலையிலோ 400 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும்போது, ஓட்டில் இருக்கும் ஈரமும் ஆவியாகும் பொருள்களும் தாரும் புகையாக வெளியேறுகின்றன. எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கரி மிஞ்சும். கொங்குப் பகுதியில் இதைத் தொட்டிக் கரி என்பார்கள். இந்த நிலையிலேயே கரியில் துளைகள் உண்டு. ஆனால் பலவற்றைத் தார் அடைத்துக்கொண்டிருக்கும். இஸ்திரிப் பெட்டிக்கு அது போதும். தண்ணீரைச் சுத்தம் செய்யப் போதாது.

இரண்டாம் கட்டம் செறிவூட்டுதல். 800 முதல் 1,000 டிகிரி வெப்பத்தில் கரியின் மேல் நீராவியைச் செலுத்துகிறார்கள். அந்தச் சூட்டில் நீராவி கரியையே தின்னத் தொடங்குகிறது. கார்பனும் நீரும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறி வாயுவாகப் போய்விடுகின்றன. கரையான் கதவு நிலையை அரிப்பதுபோல, வெளித்தோற்றம் அப்படியே நிற்க உள்ளே வழிமேல் வழியாகக் குடைந்துகொண்டே போகிறது. எவ்வளவு நேரம் குடையவிடுவது என்பதில்தான் தொழில் தெரிந்தவரின் கைப்பக்குவம் இருக்கிறது: சீக்கிரம் நிறுத்தினால் பரப்பு போதாது, அதிகம் விட்டால் சுவர்கள் இடிந்து சாம்பலாகும். மூன்று டன் கரி போட்டால் ஏறத்தாழ ஒரு டன் செறிவூட்டிய கரி கிடைக்கும். ஓட்டுக் கணக்கில் அது பத்து டன் அளவுக்கு வரும்.

மரக்கரி, நிலக்கரி எல்லாவற்றையும் இப்படிச் செய்யலாம். தேங்காய் ஓட்டுக்குக் கிராக்கி அதன் கெட்டித்தன்மையால் வருகிறது. தண்ணீர் ஆண்டுக்கணக்கில் உரசிக்கொண்டு ஓடினாலும் எளிதில் பொடியாவதில்லை. தங்கச் சுரங்கங்களில் தாதுக் குழம்போடு கரியைப் போட்டுக் கலக்கித் தங்கத்தைப் பிடிக்கிறார்கள். அங்கேயும் இதே காரணத்துக்காகத் தேங்காய் ஓட்டுக் கரியைத்தான் தேடிப் போகிறார்கள். பிடித்த தங்கம் கரிப்பொடியோடு போய்விடக் கூடாது அல்லவா.

கரியின் இந்தக் குணம் புதிதாகத் தெரியவந்ததல்ல. கரி வாயுக்களைப் பிடித்துவைக்கிறது என்று வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1773-ல் கண்டார். கரைசலின் நிறத்தையும் அது போக்கும் என்று இன்னொரு வேதியியலாளர் தோபியாஸ் லோவிட்ஸ் 1785-ல் காட்டினார். உணவுக் கழிவு இதில் பெரிய அளவில் நுழைந்தது முதல் உலகப் போரின்போது. 1918-ல் அமெரிக்காவில், தின்றபின் பீச் பழக் கொட்டைகளை எறியாதீர்கள், கொண்டுவந்து கொடுங்கள் என்று மக்களிடம் கேட்டார்கள். நச்சுவாயு முகமூடிகளுக்குக் கரி வேண்டியிருந்தது. ஒரு முகமூடிக்கு 200 பீச் கொட்டைகள் என்பது அப்போதைய அறிவிப்புகளில் சொல்லப்பட்ட கணக்கு. தேங்காய் ஓடும் அதே வேலைக்குப் போனது. மூச்சுக்காற்றைக் காத்த அந்தத் துளைகள்தான் இன்று தண்ணீரில் வேலை செய்கின்றன.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மீன் தொட்டி விற்கும் கடையில் கருங்குறுணையாகக் கரி கிடைக்கும். ஒரு கைப்பிடி வாங்கி, கறுப்புத் தூசி போகும்வரை கழுவி, கண்ணாடித் தம்ளரில் போடுங்கள். ஒரு சொட்டு நீல மை கலந்த தண்ணீரை ஊற்றி அவ்வப்போது கலக்கிவிட்டு வாருங்கள். ஓரிரு நாளில் நிறம் வெளிறும். குறுணையை நசுக்கிப் போட்டால் இன்னும் விரைவில் வெளிறும், ஏனென்றால் மை துளைகளைச் சென்றுசேரும் தூரம் குறைந்துவிட்டது. இப்போது இன்னொரு தம்ளரில் அரை ஸ்பூன் உப்புக் கரைத்து, வேறு கரியைப் போட்டு இதையே செய்யுங்கள். பத்து நாள் வைத்தாலும் உப்பு அப்படியே இருக்கும். எந்தத் தம்ளர் நீரையும் வாயில் வைக்க வேண்டாம். உப்புத் தம்ளரிலிருந்து சில சொட்டுகளை ஒரு தட்டில் விட்டு வெயிலில் காயவைத்தால் வெள்ளையாகப் பூத்துக் காட்டிக்கொடுக்கும்.

நொய்யல் சொல்வது

அந்த இரண்டு தம்ளர்களுக்குள் ஓர் ஆற்றின் கதையே இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் கோவை, திருப்பூர் வழியே ஓடிக் காவிரியில் சேர்கிறது. திருப்பூரின் பனியன் துணிகளுக்குச் சாயம் போட்ட நீர் பல ஆண்டுகள் அதில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர் தேங்கும் இடமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

தேங்காய்க்குப் பேர்போன காங்கேயம் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. தொட்டிக் கரி பக்கத்திலேயே கிடைக்கும்போது, அதை வைத்து ஆற்றைச் சுத்தம் செய்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. முடியாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று துளையின் அளவு. பருத்தித் துணிக்குப் போடும் சாயங்களின் மூலக்கூறுகள் பெரியவை. தேங்காய் ஓட்டுக் கரியின் ஒடுங்கிய துளைகளில் அவை சரியாக நுழைவதில்லை. குளோரின், கரைப்பான்கள், பல பூச்சிமருந்துகள், துர்நாற்றம் தரும் சிறிய மூலக்கூறுகள் ஆகியவற்றுக்குத்தான் அந்தத் துளைகள் பொருந்தும். சாயத்தைப் போக்க மரத்திலிருந்து செய்யும், துளைகள் அகன்ற கரி மேலானது. கரி என்றால் எல்லாம் ஒன்று என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது காரணம் உப்பு. சாயம் நூலில் ஏற வேண்டுமென்று சாயநீர்த் தொட்டியில் ஏராளமாக உப்பைக் கொட்டுகிறார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியில் ஏறிவிடும். உப்பு முழுவதும் தண்ணீரோடு வெளியே வரும். நிறம் கண்ணில் படுவதால் எல்லோரும் நிறத்தைப் பேசினார்கள். வயலையும் கிணற்றையும் நீண்ட காலத்துக்குக் கெடுத்ததில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத அந்த உப்புடையது. கரி அதை மிச்சம்வைக்காமல் வெளியே விட்டுவிடும். ஆகவேதான் திருப்பூரில் சவ்வு வழியாக நீரைப் பிரித்து, மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி வற்றவைக்கும் செலவு மிகுந்த முறைக்குப் போக வேண்டியிருந்தது.

கொக்கி போடும் தோல்கள்

கரி துளைகளால் பிடிக்கிறது. வேறு சில உணவுக் கழிவுகளுக்குத் துளை குறைவு. பதிலாக அவற்றின் மேல் கொக்கிகள் உண்டு. ஆரஞ்சு, எலுமிச்சை, வாழைப்பழத் தோல்களில் பெக்டின் என்ற பொருள் இருக்கிறது. பழக்கூழ் ஜாம் ஆகும்போது இறுகுவது இதனால்தான். பெக்டின் இழைகளில் கார்பாக்சில் தொகுதிகள் என்ற அணுக்கூட்டங்கள் கொக்கிகளாக வரிசையாகத் தொங்குகின்றன. நீரில் அவை எதிர்மின்னூட்டம் பெறும். ஈயம், செம்பு, காட்மியம் போன்றவை நீரில் நேர்மின்னூட்டத்தோடு திரிகின்றன. எதிரும் நேரும் சந்தித்தால் ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீர் மிகவும் அமிலமாக இருந்தால் இந்தக் கொக்கிகளை ஹைட்ரஜன் அயனிகள் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். உலோகத்துக்கு இடம் கிடைக்காது. இந்தப் பலவீனமே இன்னொரு வகையில் உதவுகிறது. உலோகம் பிடித்த தோலை அமிலத்தில் கழுவினால் உலோகம் கழன்றுவிடும், தோலைத் திரும்பப் பயன்படுத்தலாம்.

2011-ல் பிரேசில் ஆய்வாளர்கள் வாழைப்பழத் தோல் தூளைக்கொண்டு பரானா ஆற்று நீரிலிருந்து ஈயத்தையும் செம்பையும் பிடித்தார்கள். ஒரே தூள் 11 முறை வரை வேலை செய்தது. வாழைப்பழத் தோல் தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று உலகமெங்கும் செய்தி பரவியது. அந்த ஆய்வின் நோக்கமோ, ஆற்றில் மிகக் குறைவாக இருக்கும் உலோகத்தை ஓரிடத்தில் திரட்டி அளந்து பார்ப்பது. அருமையான வேலை அது. ஆனால் குடத்தில் தோலைப் போட்டால் குடிநீர் தயார் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பச்சைத் தோலைத் தண்ணீரில் போட்டால் அதிலிருக்கும் சர்க்கரையும் நிறமும் கரைந்து வெளியே வரும், ஓரிரு நாளில் அழுகவும் செய்யும். ஆய்வகத்தில் காயவைத்து, அரைத்து, கழுவித்தான் பயன்படுத்துகிறார்கள்.

எனக்கு இந்த வரிசையில் மிகவும் பிடித்தது இறால் ஓடு. இறாலின் எடையில் தலையும் ஓடுமாக ஏறத்தாழ பாதி கழிவாகப் போகிறது. பதப்படுத்தும் கூடங்களுக்குப் பக்கத்தில் வெயில் நேரத்தில் நடந்தவர்களுக்கு அந்த நாற்றம் மறக்காது. அந்த ஓட்டில் சுண்ணாம்பு, புரதம், கைட்டின் என மூன்று பொருள்கள் பிணைந்திருக்கின்றன. நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரையும். காரத்தில் வேகவைத்தால் புரதம் போகும். எஞ்சும் கைட்டினைக் கடுங்காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான் ஆகிறது. கைட்டோசானின் கொக்கிகள் அமினோ தொகுதிகள். இலேசான அமில நீரில் அவை நேர்மின்னூட்டம் பெறுகின்றன. பருத்திக்குப் போடும் சாயங்களோ எதிர்மின்னூட்டம் உடையவை. தேங்காய்க் கரியின் வாசலில் நுழைய முடியாமல் நின்ற அதே சாயத்தைக் கைட்டோசான் பெருமளவு இழுத்துக்கொள்கிறது.

இதிலும் சிக்கல் உண்டு. சாயப்பட்டறை நீர் காரத்தன்மை உடையது. அதை முதலில் அமிலப் பக்கம் கொண்டுவர வேண்டும். அமிலம் கூடினால் கைட்டோசானே கரைந்துபோகும், ஆகவே இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து உறுதிப்படுத்த வேண்டும். மேலும், ஓட்டிலிருந்து கைட்டோசானை எடுக்கும்போது அமிலமும் காரமும் கலந்த கழிவுநீர் வெளியாகிறது. அதைச் சுத்தம் செய்யும் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

முட்டை ஓடு இவற்றைவிட எளிய பொருள். அதில் 95 சதவீதம் வரை கால்சியம் கார்பனேட். சுட்டால் சுண்ணாம்பாகும், நீரிலிருக்கும் பாஸ்பேட்டோடு சேர்ந்து அதைப் படியவைக்கும்.

காபிச் சக்கையில் நடந்த ஒரு சோதனையிலிருந்து வேறொரு பாடம் கிடைக்கிறது. 2016-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் காபிச் சக்கையைச் சிலிக்கோன் ரப்பரோடு சேர்த்துப் பஞ்சுபோல நுரைக்கவைத்தார்கள். தேங்கிய நீரில் 30 மணி நேரம் வைத்தபோது ஈயம், பாதரச அயனிகளில் 99 சதவீதம் வரை அகன்றன. நீரை அதன் வழியே ஓடவிட்டபோது 60 முதல் 70 சதவீதம்தான். ஒட்டிக்கொள்ள நேரம் வேண்டும். இத்தகைய செய்திகளில் 99 என்ற எண்ணைக் கண்டால், எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு அழுக்கான நீரில் என்று தேடிப் பாருங்கள். நிஜச் சாக்கடையில் ஈயம் தனியாக வருவதில்லை. கால்சியமும் மக்னீசியமும் எண்ணெயும் சோப்பும் கூடவே வந்து அதே கொக்கிகளுக்கு முண்டியடிக்கும். குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. நூறு மில்லிகிராமில் 99 சதவீதத்தை அகற்றினாலும் மிஞ்சும் ஒரு மில்லிகிராம் அந்த அளவைப்போல நூறு மடங்கு.

நம் ஊர்களில் கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளியவைக்கும் வழக்கம் மிகப் பழையது. முருங்கை விதையும் அவ்வாறே செய்யும். எண்ணெய் பிழிந்தபின் கிடைக்கும் முருங்கைப் பிண்ணாக்கிலும் அந்தத் திறன் தங்கியிருக்கிறது. இது பரப்பு கவர்தலிலிருந்து வேறான வேலை. விதையின் புரதம் சேற்றுத் துகள்களை ஒன்றுசேர்த்துக் கனமாக்கி அடியில் படியவைக்கிறது. சேறோடு கிருமிகளில் ஒரு பகுதியும் இறங்கும், எல்லாமும் இறங்காது. தெளிந்த நீரையும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

கரி சுடும் இடத்துக் கிணறு

கழிவிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது. இதைக் காங்கேயம் பக்கத்து விவசாயிகளைவிட அறிந்தவர்கள் இல்லை. திறந்த குழிகளில் தொட்டியைச் சுட்டு, கனன்றுகொண்டிருக்கும் கரியின் மேல் தண்ணீர் ஊற்றி அணைக்கும்போது, தாரும் பீனால் வகைப் பொருள்களும் அந்த நீரோடு மண்ணுக்குள் இறங்குகின்றன. கிணற்று நீர் கெட்டுவிட்டது, குடிக்கவும் முடியவில்லை, மாடும் வாய்வைப்பதில்லை என்று அவர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். எங்கோ ஒரு நகரத்தில் யாரோ ஒருவர் தூய நீர் குடிப்பதற்காக இன்னொருவரின் கிணறு கெடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தீர்க்க வழியில்லாத சிக்கலும் இல்லை இது. மூடிய உலையில் சுட்டால் புகையைத் திசைதிருப்பி எரிக்கலாம். அந்த வெப்பத்தில் மின்சாரமும் எடுக்கலாம், இலங்கையில் அப்படிச் செய்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றாமல், காற்றுப் புகாத கலனில் மூடிவைத்தும் கரியை அணைக்க முடியும். அதற்கு முதலீடு வேண்டும். அந்தச் செலவைக் கிணற்றுக்காரர் தலையில் சுமத்திவிட்டு மலிவாகக் கரி விற்கும் வரை, கரியின் உண்மையான விலை யார் கண்ணிலும் படாது.

கால் ஏக்கரும் ஒருநாள் நிரம்பிவிடும். வீட்டுக் கருவியில் இருக்கும் கரி நிரம்பியதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குழாய் நீரின் குளோரின் வாடை திரும்பவும் வரத் தொடங்கினால் அது ஓர் அறிகுறி. குளோரின் இல்லாத ஈரக்கரியில் கிருமிகள் குடியேறும் என்பதால் குறித்த காலத்தில் மாற்றிவிடுவதே நல்லது. ஈயம் பிடித்த தோல் தூளைக் குப்பைமேட்டிலோ வயலிலோ கொட்டினால், அமிலம் படும்போது ஈயம் கழன்று மண்ணுக்குத் திரும்பிவிடும். அதை அமிலத்தில் கழுவி உலோகத்தை மீட்க வேண்டும், அல்லது அபாயக் கழிவாகக் கணக்கில் வைத்துப் பத்திரப்படுத்த வேண்டும்.

பெரிய நீர் நிலையங்களில் நிரம்பிய கரியை எறிவதில்லை. உலைக்குத் திருப்பி அனுப்பி, மறுபடி 800 டிகிரிக்கு மேல் சூடாக்கி, துளைகளில் ஒட்டியிருப்பதை எரித்துவிட்டுத் திரும்பப் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கரியும் சேர்ந்து எரிந்துபோகும். அந்தக் குறையை நிரப்பப் புதிதாகச் சுட்ட கரி போகிறது.